விடுபட்ட பாட்டும் மறைத்த பக்கமும்

பதிற்றுப்பத்து என்னும் பெயர் பத்துப் பத்துக்களை உடைய நூல் என்று பொருள்படும். இன்று நம் கையில் இருப்பவை எட்டே. முதற் பத்தும் இறுதிப் பத்தும் ஏட்டிலேயே இறந்துபட்டன. அந்நூலை 1904ஆம் ஆண்டில் அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள், கிடைத்த எட்டினுக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டுக் குறைவற்ற நூல் போலத் தந்திருக்கலாம். கேட்பார் எவரும் இலர். அவர் அவ்வாறு செய்திலர். இரண்டாம் பத்தை இரண்டாம் பத்து என்றே தொடங்கினார். ஐங்குறுநூற்றில் 129, 130 என்னும் இரண்டு பாட்டுக்கள் கிடைத்தில. அவ்வெண்கள் இன்றும் பாட்டின்றியே நிற்கின்றன. புறநானூற்றில் 267, 268 என்பனவும் அத்தகையனவே. கலித்தொகையை 1887இல் பதிப்பித்த நம் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் செல்லரித்த ஏடுகளின் நிலையைத் தம் பதிப்புரைகளில் மறையாது எடுத்துரைத்தார். இல்லாத இடத்தை இல்லையென்று காட்டுதல் பதிப்பாசிரியனின் முதற் கடமை என்பதனைப் பண்டித வகுப்பு மாணவர் யாவரும் அறிவர்.

இப்பழஞ் செய்தியை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. உலகத்து எழுத்தையெல்லாம் ஒருங்கு திரட்டி, வேண்டுவார்க்கு வேண்டிய பொழுதே எடுத்து நீட்டும் பெருந்தொழில் இன்று ஒருசில அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருக்கின்றது. அவை நூலாசிரியரும் அல்ல, அரசும் அல்ல. ஏடு காப்போரையும் பதிப்போரையும் ஒப்பனவே. அத்தகைய நிறுவனங்கள் சீன அரசின் ஆணை எல்லைக்குள் வாணிகம் செய்யப் புகுந்தபோது விடுபட்ட பாட்டின் எண்ணை என் செய்தன? இருக்கும்படி விட்டனவா, அழித்து வரிசையை நிரவிவிட்டனவா? இருபதாண்டு வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. அவ்விடை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றன்று. ஒரே நிறுவனத்துக்கும் எல்லா ஆண்டிலும் ஒன்றன்று.

2006ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் கூகிள் நிறுவனம் சீனாவுக்கெனத் தனியொரு தேடுதளத்தைத் திறந்தது. அதற்கு முன்னரும் சீனர் கூகிளைப் பயன்படுத்தியே வந்தனர். ஆயின் அமெரிக்காவிலிருந்து வந்த பக்கங்கள், சீனப் பெருமதிலை நினைந்து உலகோர் 'பெருந் தீமதில்' என்று பெயரிட்ட கணனித் தடையிற் சிக்கிச் சில வேளை தாமதித்தும் சில வேளை வாராமலும் போயின. புதிய தளம் விரைந்து விடை தந்தது. விரைவுக்குக் கொடுத்த விலை யாதெனில், அரசு விரும்பாதவற்றை நிறுவனம் தானே கழித்துவிட்டு எஞ்சியதைத் தருதல். 1989 யூன் 4ஆம் நாளிலே தலைநகர்ச் சதுக்கத்தைச் சூழ்ந்த தெருக்களில் மாணவரும் பிறரும் படையினராற் சுடப்பட்டு வீழ்ந்தனர். அச்சதுக்கத்தின் பெயரான 'தியனன்மென்' என்பதனை இலண்டனிலிருந்து தேடியவர் கவச வாகனங்களின் படங்களைக் கண்டார். சீனத் தளத்திலே தேடியவர் சுற்றுலா வந்தோர் சிரித்து நிற்கும் படங்களைக் கண்டார்.

எனினும் அத்தளத்துப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. உள்ளூர்ச் சட்டத்துக்கும் விதிகளுக்கும் கொள்கைக்கும் அமையத் தேடலின் முடிவுகளிற் சில காட்டப்படவில்லை என்பது அதன் கருத்து. இவ்வொரு வரியை யான் சிறிதென்று கருதவில்லை. 'இல்லை' என்பது ஒரு சொல். 'காட்டப்படவில்லை' என்பது பிறிதொரு சொல். முன்னையது குறிப்பு வினை. பொருளின் இன்மையைக் கூறி அமைவது. பின்னையது செயப்பாட்டு வினை. அதனிடத்து வினைமுதல் மறைந்து நின்றாலும் மாய்ந்துவிடவில்லை. 'காட்டாதவர் யார்?' என்னும் வினாவை அது படிப்பவன் நெஞ்சில் எழுப்பியே தீரும்.

ஆயின் அவ்வரி, பதிப்பாசிரியர் இட்ட எண்ணைப் போன்று நிறைவுடையதன்று. எத்தனை பக்கம் போயின, எவை போயின, யார் சொற்படி போயின என்று அது சொல்லவில்லை. பிற்காலத்தில் சீனரது சொந்த நிறுவனமாகிய பைடுவும் அதனையொத்த வரியொன்றைத் தன் பக்கங்களில் இட்டது. எங்கும் இருக்கும் வரியை எவரும் படியார் அன்றோ? சூத்திரம் போல் ஓதி ஓதிப் பொருளிழந்த வாக்கியங்கள் நமக்குப் புதியன அல்ல.

எவற்றைக் கழிப்பது என்பதனைக் கூகிள் எவ்வாறு அறிந்தது என்பதே இதனினும் வியப்புடையது. அரசு பட்டியல் எதனையும் நீட்டவில்லை. நிறுவனத்துப் பொறியியலாளர் சீனாவுக்குள் ஒரு கணனியை வைத்து, வெளிநாட்டுத் தளங்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கும்படி அதனை ஏவினர். எந்தத் தளம் தீமதிலில் மோதி நின்றதோ அந்தத் தளம் அரசு வெறுப்பது என்று கொண்டனர். விலக்கப்பட்ட நூற்பட்டியல் இவ்வாறு விலக்கியவன் கையால் அன்றி, வாணிகன் கையாலேயே எழுதப்பட்டது.

சீனத்துச் சட்டம் அமைந்த விதம் இதற்கு இடந்தருவது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்க அவை பிறப்பித்த இணைய விதிகள், வெளியிடலாகாதவை என ஒன்பது வகைகளைக் கூறின. ஆபாசம், சூதாட்டம் முதலியன எங்கும் விலக்கப்படுவனவே. ஆனால் நாட்டின் மானத்துக்கு ஊறு செய்வன, வதந்தி பரப்பிச் சமூக ஒழுங்கைக் குலைப்பன என்பவற்றுக்கு எல்லை யாது? எல்லை கூறாமையே அவ்விதியின் வலிமை. எதனை எழுதினால் அடி விழும் என்று சொல்லாத உபாத்தியாயரிடம் பயிலும் பிள்ளை, அடிக்குரியதை மட்டுமன்றி அடிக்கு உரியதாகலாம் என்று ஐயுறுவதையும் விட்டுவிடும். 2002இல் சீன இணையச் சங்கம் 'தன்னொழுக்க உறுதிமொழி' ஒன்றை வரைந்து நிறுவனங்களிடம் நீட்டியது. யாகூ அதிற் கையொப்பமிட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2005இல் சீனாவிற் நடத்திய வலைப்பதிவுத் தளத்தில், 'சனநாயகம்', 'சுதந்திரம்' என்ற சொற்களைத் தலைப்பில் எழுதப் புகுந்தவர் தடுக்கப்பட்டனர். ஒரு மொழியின் அகராதியிலிருந்து இரண்டு சொற்களை நீக்குதற்கு ஓர் அயல்நாட்டு வாணிகன் முன்வருதல், மொழி கற்பிக்கும் எம்போலியர்க்கு நெஞ்சைச் சுடுகின்ற செய்தியாகும்.

சீன மக்களோ இதனைத் தம் மொழி வன்மையாலே எதிர்கொண்டனர். யூன் 4 என்று எழுதுதல் ஆகாதாகவே 'மே 35' என்று எழுதினர். மே மாதத்துக்கு முப்பத்தொரு நாள். மேலும் நான்கு கூட்டுக! அரசு தன் தணிக்கையைச் 'சமூக இணக்கம்' என்று போற்றியது. அவ்விணக்கத்தைக் குறிக்கும் சீனச் சொல்லும் ஆற்று நண்டைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ ஓரொலியின. ஆகவே எழுத்து அழிக்கப்பட்டவர் 'என்னை நண்டு கொண்டுபோயிற்று' என்னுங் கருத்துப்பட எழுதலாயினர். காளமேகம் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். நாளடைவில் மே 35உம் தடுக்கப்பட்டது.

வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டுவதனை ஆள்வோர் எவ்வளவு அஞ்சுவர் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று கூறுவேன். இந்தியாவில் 1975 யூன் மாதத்தில் நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டபோது, இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் யூன் 28ஆம் நாள் ஆசிரியத் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. அவ்வெண்மை, எழுதப்பட்ட எந்தத் தலையங்கத்தினும் உரத்துப் பேசிற்று. பின்னர்த் தணிக்கை அதிகாரிகள், தலையங்க இடத்தை வெறுமையாக விடுதலும், பேரிலக்கியங்களிலிருந்தும் காந்தியடிகள், தாகூர் முதலியோர் வாக்கிலிருந்தும் மேற்கோள் எடுத்து அதனை நிரப்புதலும் ஆகா என்று விதித்தனர். சொல்லைத் தடுத்தது போதாதென்று, தடுத்தமைக்கு அடையாளத்தையும் தடுக்க வேண்டியதாயிற்று.

நிறுவனங்களின் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் நாற்சிக் கொள்கை பரப்பும் பக்கங்களைக் கூகிள் அந்நாட்டுச் சட்டத்துக்கு அமைய நீக்குகின்றது; சீனச் சட்டத்துக்கு அமைதல் மாத்திரம் குற்றமாவது எங்ஙனம் என்பர். அன்றியும், எல்லாம் தராதொழிவதினும் பெரும்பாலானவற்றைத் தருதல் நன்றன்றோ என்பர். பின்னைய வாதத்தை எளிதில் தள்ளுதற்கில்லை. நோயைப் பற்றியும் உழவைப் பற்றியும் தேடும் ஏழைச் சீனனுக்கு அத்தளம் உதவியது மெய்யே. முன்னைய வாதமோ நில்லாது. ஜெர்மனியின் சட்டத்தைப் பழித்து ஜெர்மனியில் எழுதலாம். நீதிமன்றத்திலே எதிர்த்து வழக்காடலாம். அதனை மாற்றுவோம் என்று கூறித் தேர்தலில் நிற்கலாம். தன்னைப் பற்றிய பேச்சையே தடுக்கும் சட்டத்தை அதனோடு ஒரு நிறையில் வைத்தல் தகாது.

கூகிள் தானும் நான்காண்டுக்கு மேல் இந்நிலையில் நிற்கவில்லை. 2010 சனவரி 12ஆம் நாள், தன் கணனிகள் சீனாவிலிருந்து எழுந்த தாக்குதலுக்கு உள்ளாயின என்றும், சீன மனித உரிமையாளரின் மின்னஞ்சல்களை அடைவதே தாக்கினோரின் நோக்கங்களுள் ஒன்று என்றும், இனிமேல் தணிக்கை செய்ய உடன்படேம் என்றும் அறிவித்தது. மார்ச் 22ஆம் நாள் சீனத் தளத்துக்கு வந்தோரை ஹொங்கொங் தளத்துக்குத் திருப்பிவிட்டது.

அதன் பின் வந்த காலத்திலே 'காட்டப்படவில்லை' என்பது மெல்ல மெல்ல 'இல்லை' என்றாகியது. அப்பிள் நிறுவனம் 2016 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் செயலியைத் தன் சீனக் கடையிலிருந்து நீக்கியது. 2017 யூலையில் வி.பி.என். செயலிகள் பலவற்றை நீக்கியது. (தடையைச் சுற்றிச் செல்லும் இம்மறைவழி யாதென்று நம் மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை, 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூகவலைத்தளங்கள் மூடப்பட்டபோது அவர்களே அதனை ஆசிரியர்க்குக் கற்பித்தனர்.) 2024 ஏப்ரலில் வட்ஸ்அப் செயலியும் அங்ஙனமே போயிற்று. தாம் உடன்படாதவிடத்தும் தாம் தொழில் நடத்தும் நாட்டுச் சட்டத்துக்கு அமையக் கடமைப்பட்டுள்ளோம் என்பதே நிறுவனத்தின் விடை. கடையிலே அச்செயலிகளைத் தேடுபவர் வெற்றுத் தட்டைக்கூடக் காணார், தட்டே அகற்றப்பட்டிருக்கும்.

இதனினும் கொடியது 2021 யூன் 4ஆம் நாள் நிகழ்ந்தது. 1989இல் கவச வாகன வரிசையின் முன் கையில் பையோடு தனித்து நின்றானே ஒருவன், அவனது படத்தை அன்று மைக்ரோசொப்டின் பிங் தளத்திலே தேடியவர்க்கு, முடிவு எதுவும் இல்லை என்ற விடை வந்தது. சீனாவில் மட்டுமன்று, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் ஜெர்மனியிலும் அவ்வாறே வந்தது. தற்செயலான மனிதத் தவறு என்று நிறுவனம் கூறிப் பின்னர்ச் சரிசெய்தது. அவ்வாறே இருக்கட்டும். ஓரிடத்துக்கெனத் தீட்டிய கத்தரி மற்றோரிடத்தில் தானே விழுந்து வெட்டிற்று என்றால், கத்தரி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்றாவது கேட்கலாமன்றோ? முந்திய ஆண்டில், தியனன்மென் நினைவுக் கூட்டத்தை அமெரிக்காவிலிருந்து சூம் வழியாக நடத்தியோரின் கணக்குகளை அந்நிறுவனம் முடக்கியது. சீன அரசின் வேண்டுகோளின்படி என்று பின்னர் ஒப்புக்கொண்டு அவற்றை மீட்டளித்தது.

கூகிளும் சீனத்துக்கு மீள எண்ணிற்று. 'தும்பி' எனப் பொருள்படும் மறைபெயரில் ஒரு தணிக்கைத் தேடுபொறி ஆயத்தமாகின்றது என்பதனை இன்டர்செப்ட் இதழ் 2018 ஓகஸ்ட் 1ஆம் நாள் வெளியிட்டது. சில முடிவுகள் நீக்கப்பட்டன என்ற குறிப்பு அதிலும் இடம்பெறும் என்றும், சில சொற்களைத் தேடினால் விடை ஒன்றுமே வாராது என்றும் அச்செய்தி கூறியது. ஏறத்தாழ 1,400 ஊழியர் எதிர்ப்புக் கடிதத்திற் கையொப்பமிட்டனர். தலைவர் சுந்தர் பிச்சை மதுரையிற் பிறந்தவர். நம் பத்திரிகைகள் அதனைப் பெருமையோடு எழுதியுள்ளன. அவர் 2018 டிசம்பரில் அமெரிக்க மக்கள் சபைக் குழுவின் முன், சீனாவிற் தேடுபொறி தொடங்கும் திட்டம் 'இப்போது' இல்லை என்று விடையிறுத்தார்.  2019 யூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டது என்று நிறுவனத்தார் செனற் சபைக் குழுவுக்கு உறுதி கூறினர்.

அத்திட்டத்திலே தணிக்கையினும் அச்சந் தருவது வேறொன்று. தேடுபவர் ஒவ்வொருவரின் தேடலும் அவரவர் தொலைபேசி எண்ணோடு பிணைக்கப்படும் என்று அவ்வாண்டு செப்டெம்பரில் செய்தி வந்தது. பாட்டை மறைத்தல் ஒன்று. பாட்டைத் தேடி வந்தவனைக் குறித்துவைத்தல் மற்றொன்று. இவ்விரண்டாவது வகையின் விளைவை அறிய, 2004ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும்.

ஷி தாவோ என்பவர் கவிஞர். ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில் ஒரு நாளிதழிற் பணியாற்றியவர். அவ்வாண்டு ஏப்ரலில், தியனன்மென் நிகழ்ச்சியின் பதினைந்தாம் ஆண்டு நிறைவு நெருங்குவதால் பத்திரிகையாளர் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்ற கட்சிக் கட்டளையொன்று அலுவலகக் கூட்டத்தில் வாய்மொழியாக அறிவிக்கப்பட்டது. அவர் குறிப்பெடுத்தார். ஏப்ரல் 20ஆம் நாள் இரவு, தம் யாகூ மின்னஞ்சல் வழியாக நியூயோர்க்கிலுள்ள ஓர் இணையத்தளத்துக்கு அதனை அனுப்பினார். தம் பெயர் இட்டாரில்லை. நவம்பரிற் கைதானார். 2005 ஏப்ரலில், அரச இரகசியத்தை வெளிநாட்டார்க்கு ஈந்தார் என்று பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

அத்தீர்ப்பு வெளியுலகுக்குக் கிடைத்தது. சான்றுகளை வரிசைப்படுத்தும் பகுதியில், யாகூவின் ஹொங்கொங் நிறுவனம் அளித்த கணக்கு விபரம் என்று ஒன்று காணப்பட்டது. 2004 ஏப்ரல் 20, இரவு 11 மணி 32 நிமிடம் 17 விநாடியில் அக்கணக்கு இயங்கிய இடம் சாங்ஷாவிலுள்ள அப்பத்திரிகை அலுவலகமே என்பதனை அது உறுதிசெய்தது. சங்கப் புலவர் பலரின் இயற்பெயரே நமக்குத் தெரியாது. இக்கவிஞர் அஞ்சலை அனுப்பிய விநாடியும் தெரிகின்றது.

2006 பெப்ரவரி 15ஆம் நாள் யாகூ, கூகிள், மைக்ரோசொப்ட், சிஸ்கோ ஆகிய நான்கு நிறுவனத்தாரையும் அமெரிக்க மக்கள் சபையினர் அழைத்து வினாவினர். விபரங் கேட்கப்பட்டபோது வழக்கின் தன்மை தமக்குத் தெரியாது என்று யாகூவின் சட்டத் தலைவர் கூறினார். 2007இல், சீன அதிகாரிகள் யாகூவுக்குக் கொடுத்த கோரிக்கைப் பத்திரம் வெளியாயிற்று. அரச இரகசியம் பற்றிய குற்றம் என்பது அதிலேயே எழுதப்பட்டிருந்தது. நவம்பர் 6ஆம் நாள் மீண்டும் விசாரணை கூடிற்று. ஷி தாவோவின் தாயார் அச்சபையில் அமர்ந்திருந்தார். குழுத் தலைவர் ரொம் லாந்தோஸ், ஹங்கேரியிற் பிறந்து நாற்சிகளின் கொடுமைக்குத் தப்பியவர். பின்னே அமர்ந்திருக்கும் தாயிடம் மன்னிப்புக் கேட்கும்படி நிறுவனத் தலைவர் ஜெரி யாங்கை ஏவினார். யாங் தாழ்ந்து வணங்கினார். தாய் அழுதார். ஒரு வாரத்தில், குடும்பத்தார் தொடுத்த வழக்கு நிறுவனத்தோடு இணக்கமாக முடிவுற்றது. தொகை வெளியிடப்படவில்லை.

சட்டப்படியான கோரிக்கையை மறுத்தால் உள்ளூர் ஊழியர் சிறைப்படுவர் என்பது நிறுவனத்தார் சொன்ன சமாதானம். இது பொய்யச்சமன்று. ருஷியாவில் 2021 செப்டெம்பரில் எதிர்க்கட்சியினரான நவல்னி குழுவாரின் தேர்தற் செயலியைக் கூகிளும் அப்பிளும் தேர்தல் தொடங்கிய நாளிலே நீக்கியமைக்கும், உள்ளூர் ஊழியர்மேல் வழக்குத் தொடுப்போம் என்ற மிரட்டலே காரணம் எனச் செய்தி வந்தது. ஊழியன் கழுத்திற் கத்தி வைத்த பின் நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்டல் பயனற்றது. கத்தி எட்டாத இடத்தில் ஏட்டை வைத்தாயா என்றே கேட்டல் வேண்டும். 2006இல் கூகிள் சீனத் தேடுதளத்தைத் திறந்தபோது மின்னஞ்சலையும் வலைப்பதிவையும் அங்கே தொடங்காது விட்டது; மக்களின் அந்தரங்கத்தை அந்நாட்டு ஆணைக்கு எட்டும்படி வைத்தல் ஆகாது என்பதே காரணம். தணிக்கைக்கு இணங்கிய அதே நிறுவனம் இவ்வளவில் எல்லை வகுத்தது. அதனை யான் மதிக்கின்றேன். அப்பிளோ 2018 பெப்ரவரியில், சீனப் பயனாளர் சேமித்த கடிதங்களையும் படங்களையும் குய்சோ மாகாணத்து அரசுசார் நிறுவனமொன்றின் நிருவாகத்தில் ஒப்படைத்தது. அவற்றைத் திறக்குஞ் சாவிகளும் உடன் சென்றன. அவ்வாண்டில் அந்நிறுவனத்தின் வருவாயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பெருஞ் சீனத்திலிருந்து வந்தது.

யாகூ நிறுவனம், தீர்ப்புக்குச் சில மாதங்களின் பின், 2005 ஓகஸ்டிலே தன் சீனத் தொழிலையும் நூறு கோடி டொலரையும் அலிபாபா நிறுவனத்துக்குக் கொடுத்து, அதன் உரிமையில் ஏறத்தாழ நாற்பது வீதத்தைப் பெற்றது. அப்பங்கு பின்னாளிற் பன்மடங்காகப் பெருகியது. யாகூவின் பெயரால் சீனாவில் நடந்துவந்த மின்னஞ்சற் சேவை 2013 ஓகஸ்ட் 19ஆம் நாள் மூடப்பட்டது. ஷி தாவோ அதே மாதம் 23ஆம் நாள் சிறையினின்றும் வெளிவந்தார்.